கண்ணூறு பட்ட கார்

கார் நிற்கும் முன்பே கதவு திறந்தது. இறங்கியவள் அதை அறைந்து சாத்திய வேகத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகிலிருந்த அந்தக் கராஜின் தகரக் கூரை ஒருமுறை அதிர்ந்திருக்கும்...

"எங்கை அவர்?"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை பின் சீட்டிலேயே கிடந்தது. கோபமாக வருகிறவர்களுக்குக் குடை எங்கே ஞாபகம் வருகிறது?

கராஜ் முதலாளி முனாப் பதறி எழுந்தார். "டீச்சரா? மழையில நனையிறீங்களே, உள்ளுக்கு வாங்க. கதிரை ஈக்கிது, உக்காருங்க..."

"இருக்க வரேல்லை முதலாளி. உங்கட மெக்கானிக் பாஸ் எங்கை?"

ஒரு லொறிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "இங்கதாங்க இருக்கேன்" என்று லொறிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெளியிலை வாங்கோ."

"ஒரே ஒரு நட்டு பாக்கிங்க..."

"அதையும் என்ர காருக்குப் பூட்டின மாதிரித்தான் பூட்டுறியளோ? அப்ப அந்த லொறிக்காரன் பாவம்!"

பிறகு மெதுவாக அழகர் வெளியே வந்தான். கன்னத்தில் கிரீஸ், தலைமுடியில் துரு. கண்கள்... அந்தக் கண்களில் மன்னிப்புக் கேட்கும் பாவனை துளியும் இல்லை. அவளை விடக் கோபமாக இருந்தன. வரும் வழியெல்லாம் அவள் தயாரித்து வைத்திருந்த பேச்சில் பாதி, அந்தப் பார்வையில் மறந்துபோனது. அழகர் என்று பெயர் வைத்தவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை என்று ஒரு நினைப்பு வேறு குறுக்கே வந்தது... அந்த நினைப்பின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் இரஞ்சிதம். மடவளைக்கு அப்பால் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அப்பா நவரட்ணராஜா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, அஸ்கிரிய மேட்டில் வீடு கட்டிக்கொண்டவர். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கியதுதான் இந்த ஸ்டேஷன் வேகன். பின்பாதி முழுக்க மரச் சட்டம். ஓடத் தொடங்கினால் உடம்பில் சத்தம் போடாத இடம் கிடையாது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத எழுபத்து நாலாம் வருஷம் அது. புதுக் கார் என்பது கனவிலும் கிடைக்காது.

"பாஸ், போன மாதம் திருத்தித் தந்தியள். பிறகு பின்னாலை 'கட கட' எண்டு தொடங்கிச்சு. போன கிழமை கொண்டந்தன். இறுக்கியாச்சு எண்டியள். இண்டைக்கு அதைவிட மோசம்! இதுக்குப் பேர் வேலை இல்லை. ஏமாத்து."

முனாப் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க டீச்சர்" என்றான் அழகர். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சத்தம் நிண்டால் வாங்குறன்."

"நான் பூட்டினது எதுவும் கழறல. இது புது சத்தம். எங்கேருந்து வருதுன்னு ஓடுற வண்டியிலதான் கண்டுபிடிக்க முடியும். நீங்க ஓட்டணும், நான் பின்னால படுத்துக்கிட்டுக் கேக்கணும். மழை விட்ட நாள்ல வாங்க."

"ஏன், மழையிலை உங்களுக்குக் காது கேக்காதோ?"

"எனக்குக் கேக்குங்க. மழையும் நீங்களும் சேர்ந்து சத்தம் போட்டா வண்டி என்ன சொல்லுதுன்னுதான் கேக்காது."

முனாப் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். இரஞ்சிதம் போய்க் காரில் ஏறினாள். இந்த முறை கதவு முதல் அறையில் பூட்டவில்லை. இரண்டாம் தரமும் அறைய வேண்டியிருந்தது. மானம் போயிற்று!

புதன்கிழமை வெயில் அடித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கராஜுக்கு வந்தாள்.

ஒரு குமரி டீச்சரையும் தன் பாஸையும் தனியே ரோட்டில் அனுப்ப முனாப்புக்கு மனமில்லை. தானே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின் சீட்டை மடித்துவிட்டு, சாக்கு ஒன்றை விரித்து அழகர் படுத்தான்.

"அடையாளம் வைக்க சோக் கட்டி இருக்குங்களா?"

கைப்பையிலிருந்து வெண்கட்டி ஒன்றை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் எறிந்தாள்.

"இனி யாரும் பேசக் கூடாதுங்க."

"ஆர் இப்ப பேசினது?"

"இப்ப நீங்கதான்..."

அவள் கியரைப் போட்ட விதத்தில் முனாப் "அல்லாவே" என்றார்.

மடவளை ரோட்டில் கார் போய்க்கொண்டிருந்தது. "நிறுத்துங்க" என்பான். இறங்கி, பின்கதவின் கீல் பிணைச்சலில் மெழுகுதிரியைத் தேய்ப்பான். மறுபடி ஓடும். "நிறுத்துங்க." உதிரி டயருக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று போகும். சத்தம் வந்த இடத்தில் வெண்கட்டியால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. சத்தம் நின்றதும் உள்ளங்கையால் அதை அழித்துவிடுவான்.

கண்ணாடியில் அவனைப் பார்த்தாள் இரஞ்சிதம். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்... ஆனால் பார்த்தாள். மரச் சட்டத்தில் ஒரு கையை விரித்து வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நீண்ட இமைகள் ஒருமுறைகூட அசையவில்லை. ஒருவர் இப்படிக் காது கொடுத்துக் கேட்டு அவள் கண்டதே இல்லை. வீட்டில் அவள் பேசும்போது அப்பா கையிலுள்ள பேப்பரைக்கூட மடிப்பதில்லை. ஒரு பழைய காரின் முனகலுக்குக் கிடைக்கிற மரியாதை தனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள்.

மடவளைப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். "அஸர் தொழுதுட்டு வாறன். பத்து நிமிஷம்" என்று முனாப் இறங்கிப் போனார். அவர் படியேறியதுதான் தாமதம், மலையிலிருந்து மழை ஒரே பாய்ச்சலாக இறங்கியது. முதலாளி பள்ளிவாசலில் மாட்டிக்கொண்டார். காருக்குள் இவர்கள் இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.

கண்ணாடிகளில் மழை வழிந்தது. வெளியே கடைகளும் பஸ்ஸும் கரைந்துபோயின.

"டீச்சர், ஒன்னு கேக்கலாங்களா?"

"பேசக் கூடாது எண்டியளே."

"மழையில எப்படியும் எதுவும் கேக்காதுங்க... இந்த வண்டிக்காக ஏன் இம்புட்டுக் கோபம்?"

பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இல்லை. ஆனால் சொன்னாள். முன்னால் இருந்த ஈரக் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் இந்தக் காரைப் பாக்க வாறார். அதுக்குள்ளை சத்தம் நிண்டால் கார் எனக்கு, நிக்காட்டில் அவருக்கு. அப்பா சொல்லிப்போட்டார். கார் மேட்டிலை ஏறினால் லேன் முழுக்க நாய் குரைக்குதாம், அவருக்கு வெக்கமாம். பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போகவும் விட மாட்டினம். கார் போனால் என்ர பள்ளிக்கூடமும் போச்சு. பிறகு சமைக்கிற குசினியும் படுக்கிற அறையும்தான். ஆராவது ஒரு கொழும்பு மாப்பிள்ளை வருமட்டும்..."

குரல் உடைந்தது. அழுகிறோமே என்ற ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். ஹோர்ன் அலறியது. பள்ளிவாசல் வாசலில் முனாப் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கும்" என்றான் அழகர்.

"எத்தினை தரம் சொல்லியிட்டியள்!"

"நான் ஏமாத்துக்காரன் இல்லீங்க!" இப்போதுதான் அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டான். "பதினஞ்சு வருசமா இந்தக் கையால வேலை செய்யிறேன். ஒரு ஆள் குறை சொன்னதில்ல. முதல் தடவை நான் குடுத்தப்புறம் பதினாறு நாள் சத்தமே இல்லாம ஓடிச்சா இல்லையா?"

"ஓடினது..."

"அப்ப அது என் வேலையில வந்த சத்தமில்ல. பொறகு வந்தது."

இரஞ்சிதம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கோபத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று இடறியது.

"பதினாறு நாள் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நானே எண்ணேல்லை."

அழகரின் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. கார் கராஜை விட்டுப் போன நாளிலிருந்து அது திரும்பி வந்த நாள் வரைக்கும் ஒருவன் எதற்காக எண்ணுவான்? அதை எப்படி வாயால் சொல்வான்?

"மழை விடுதுங்க" என்றான்.

விடவில்லை. இன்னும் கால் மணி நேரம் பெய்தது.

மழை ஓய்ந்து முனாப் வந்து ஏறியதும் கார் புறப்பட்டது. மற்ற எல்லாச் சத்தமும் அடங்கியிருந்ததால், முதல் வளைவிலேயே அது தெளிவாகக் கேட்டது. கட... கட... கடக். இடப்பக்கம் உருண்டு, பிறகு வலப்பக்கம் உருண்டது. அழகர் இடது பக்கப் பலகையில் பெரிதாக ஒரு புள்ளடி போட்டான். "கராஜுக்கு விடுங்க" என்றான்.

பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு எடுத்தபோது, அவன் உள்ளங்கையில் நாலு தேசிக்காய் இருந்தன. காய்ந்து, கறுத்து, கல்லாகிப்போன எலுமிச்சங்காய்கள். கறுப்பு நூலில் கோத்த இரண்டு செத்தல் மிளகாயும் கூடவே வந்தன.

முனாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு தேசிக்காய்க்கா இந்தப் பாடு! யாரோ கண் திருஷ்டிக்குக் கண்ணூறு கழிச்சி ஈக்கிறாங்க டீச்சர்."

அழகர் சிரிக்கவில்லை. "இந்தக் கம்பளித் துண்டு நான் முதல் தடவை உள்ள வச்சது. காய் அதுக்கு மேல கிடக்கு. வண்டியை உங்க வீட்ல விட்ட பொறகு, ஜாக் வைக்கிற பொந்து வழியா யாரோ போட்டிருக்காங்க. பச்சையா இருந்தவரைக்கும் சத்தமில்ல. காஞ்சதும் உருளுது."

"ஆர் போட்டிருப்பினம்?"

"எனக்கு என்னங்க தெரியும்."

அவனுக்குத் தெரியும். முதல் தடவை திருத்திய அன்றைக்கு அஸ்கிரிய மேட்டில் காரைக் கொண்டுபோய் விட்டபோது அவன் சாவியை நீட்டினான். இரஞ்சிதத்தின் அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. "மதிலிலை வையும்" என்றார். வைத்துவிட்டு அவன் உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை... முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரஞ்சிதத்தைப் பார்த்தபடி நின்றான். அந்த அம்மா அதைக் கவனித்துக்கொண்டு நின்றார். இப்போது எல்லாம் விளங்கியது. தன் கண் என்ன, நோயா?

"சத்தம் நின்னுடுச்சுங்க" என்று சாவியை நீட்டினான். "இனி நீங்க வரத் தேவையில்லை."

அவள் வார்த்தையை வாபஸ் வாங்கத்தான் வாயெடுத்தாள். அவன் அதற்குள் லொறிக்கு அடியில் போய்விட்டான்.

அஸ்கிரிய மேட்டில் அன்று ஒரு நாயும் குரைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நாலு தேசிக்காயையும் கொட்டினாள் இரஞ்சிதம். அவை உருண்டு அப்பாவின் பேப்பரில் மோதி நின்றன.

"அம்மா! இது என்ன வேலை?"

அம்மா பாலாம்பிகை மறைக்கவே இல்லை. "நான்தான் போட்டனான். உன்ர நன்மைக்குத்தான்."

"எந்த நன்மைக்கு?"

"அந்தக் கராஜ் பொடியன் வாசலிலை நிண்டு உன்னைப் பாத்த பார்வை எனக்குப் பிடிக்கேல்லை. பொல்லாத கண். ஆர் எவர் எண்டு தெரியாதவன், தேயிலைத் தோட்டத்தாலை வந்த குடும்பமாம். கண்ணூறு பட்டிடும் எண்டுதான் அண்டைக்கே..."

"அம்மா, அந்தத் தேசிக்காய்தான் சத்தம் போட்டது! அதாலைதான் நான் அவரைத் தேடித் தேடிப் போனனான். நீங்கள் சும்மா இருந்திருந்தால் அந்தக் கராஜ் வாசலை நான் பிறகு மிதிச்சே இருக்க மாட்டன். ஒரு நல்ல மனுசனைப் பிடிச்சு ஏமாத்துக்காரன் எண்டு பேசிப்போட்டன்!"

அம்மாவின் முகம் வெளுத்தது. நாலு தேசிக்காயையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா பேப்பரை மடித்தார். மடித்தே விட்டார்! "சத்தம் நிண்டிட்டுது. நான் சொல்லு மாற மாட்டன். கார் உனக்கு. வாற ஆளை வர வேண்டாம் எண்டு சொல்லுவன். ஆனால் இனி அந்தக் கராஜ் பக்கம் கார் போகக் கூடாது. நீயும் போகக் கூடாது."

இரஞ்சிதத்துக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. கார் அவளுடையது! நாளைக்கும் பள்ளிக்கூடம், மறுநாளும் பள்ளிக்கூடம்... இரண்டு நாள் அந்த மகிழ்ச்சியிலேயே ஓட்டினாள். வளைவில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தது. அழிக்காமல் விட்ட அந்த ஒரு புள்ளடி மட்டும் பலகையில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. 'இனி நீங்க வரத் தேவையில்லை.' அதைச் சொல்ல இவன் யார்? போகக் கூடாது என்று சொல்ல அவர்கள் யார்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவைச் சாத்துகிறார்கள், ஒருவராவது அவளைக் கேட்டார்களா?

சனிக்கிழமை காலை சாவியை அப்பாவின் பேப்பர் மேல் வைத்தாள்.

"அந்த ஆளை நாளைக்கு வரச் சொல்லுங்கோ அப்பா. நான் கராஜுக்குப் போறன்."

"சாவியை வைச்சிட்டுப் போனால் கார் இராது, பிள்ளை."

"தெரியும்."

குட்ஷெட் பஸ் நிலையத்தில் கட்டுகஸ்தோட்டை பஸ் நிரம்பி வழிந்தது. தொங்கிக்கொண்டுதான் வந்தாள். இறங்கி, கோபம் தந்த வேகத்திலேயே கராஜ் வரை நடந்தாள்.

"டீச்சர்! காரு எங்க?" என்றார் முனாப்.

"வீட்டிலை நிக்குது."

"மறுகா சத்தமா?"

"ஒரு சத்தமும் இல்லை. உங்கட பாஸோட சண்டை பிடிக்க வந்தனான்."

அழகர் கையில் சுத்தியலோடு நிமிர்ந்தான். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "இனி என்னங்க இருக்கு, சண்டை போட?"

"முதல்லை அந்த வார்த்தையை வாபஸ் வாங்குறன். நீங்கள் ஏமாத்துக்காரன் இல்லை. அது முடிஞ்சுது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எங்கட வாசலிலை நிண்டு பாத்தனீங்கள். பதினாறு நாள் எண்ணினியள். எங்கட அம்மாவுக்கு விளங்கினது எனக்கு விளங்காதோ? ஒரு வார்த்தை சொன்னனீங்களே? வரத் தேவையில்லையாம்! ஆர் உங்களைக் கேட்டது?"

"பார்த்தேங்க. இல்லைன்னு சொல்லல." சுத்தியலைக் கீழே போட்டான். "உங்க அம்மா பயந்தது நிசந்தான். ஆனா, என் கண் பட்டாலே தோஷம்னு தேசிக்காய் போடுற வீட்டுக்கு நான் எந்த முகத்தோட வந்து பேசுறது? எனக்கும் ரோசம் இருக்குங்க!"

"உங்கட ரோசத்தைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கிறதோ? கார்ச் சாவியை வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டன்."

அவன் முகம் மாறியது. அந்தச் சாவி அவளுக்கு எவ்வளவு பெரிசு என்று, முனாப்பைவிட, அவளைப் பெற்றவர்களைவிட, அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"நாளைக்கு வித்துப்புடுவாங்களே..."

"விக்கட்டும்."

"பள்ளிக்கூடம்?"

"முதல் பஸ்ஸிலை போவன். இண்டைக்குத் தொங்கிப் பாத்தனான், நான் ஒண்டும் சாகேல்லை."

"ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?" கிட்டத்தட்டக் கத்தினான்.

"காரை வைச்சிரு, இங்கை மட்டும் வராதை எண்டினம். அதாலை!"

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடுக் கராஜில், முனாப்பின் முன்னால், தாவணி வயதுப் பெண்போல அழுதாள். அழகர் இரண்டு அடி முன்னால் வந்தான். கையில் கிரீஸ்... துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல், போட்டிருந்த சேட்டிலேயே துடைத்தான். அவள் முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னான். அந்த நேரம் பார்த்து மாத்தளை ரயில் மகாவலிப் பாலத்தில் தடதடவென்று ஏறியது.

"கேக்கேல்லை" என்றாள் இரஞ்சிதம். பொய். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

ரயில் போய்விட்டதை அவன் கவனிக்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து சொன்னான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு ரஞ்சிதம்! மொத நாள்லேருந்து பிடிச்சிருக்கு! நாளைக்கு உங்க அப்பாகிட்ட நேர்ல வந்து சொல்லப்போறேன்!" ரோட்டோரம் நின்ற பஸ்ஸில் அத்தனை தலைகளும் திரும்பின. முனாப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவசர வேலை இருப்பவர்போல ஆற்றுப்பக்கம் போனார்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளோ?" என்று அழுகையோடு சீறினாள் இரஞ்சிதம். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, இன்னும் கோபம் தீராத அதே குரலில் சொன்னாள்:

"எனக்கும்தான்..."